சித்திரை முதல் சித்திரை வரை: மதுரைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

2024 சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கியது முதல் 2025 சித்திரைத் திருவிழா நிறைவு வரை, இந்த மாநகரம் முகம் சுளிக்காமல் நடந்ததற்குக் காரணமானவர்களுக்கு, மாசி வீதிகளை ஒட்டிக் குடியிருக்கும் எங்கள் குடும்பங்களின் சார்பில் இந்த மடலை எழுதுகிறேன். மேடையேறியவர்களுக்கு மாலையும் பொன்னாடையும் அன்றன்றே சேர்ந்துவிட்டன. மேடைப் பக்கமே வராதவர்களுக்குத்தான் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

முதலில் தூய்மைப் பணியாளர்கள். அழகர் வண்டியூர் நோக்கிப் போன பிறகு ஆழ்வார்புரம் ஆற்றங்கரை எப்படிக் கிடக்கும் என்பதைப் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். மணலில் பாதி புதைந்த செருப்புகள், மொட்டையடித்த முடி, தண்ணீர்ப் பாக்கெட்டுகள், அன்னதானத் தட்டுகள், நனைந்து கனத்துப்போன பந்தல் துணி. அந்தத் துணியை நான்கு பெண்கள் சேர்ந்து இழுத்து லாரியில் ஏற்றியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர்களில் ஒருவர் மணலைக் கிளறும்போது ஒரு குழந்தையின் கொலுசு அகப்பட்டது. புடவைத் தலைப்பில் துடைத்து, நேரே போய்க் காவலரிடம் ஒப்படைத்துவிட்டு மீண்டும் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டார். ஊரே உறவினரோடு விருந்துண்ணும் நாளில் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அம்மா வரும் நேரம் பார்த்துக் காத்திருந்திருப்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் எங்கள் நன்றி.

தேரோட்டத்தில் எல்லார் கண்ணும் வடத்தின் மீதும் அம்மன், சுவாமியின் அலங்காரத்தின் மீதும் இருக்கும். சக்கரத்தடியில் கட்டை போடுபவர்களை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். கீழமாசி வீதியிலிருந்து புறப்படும் தேர் ஒவ்வொரு வீதி முனையிலும் திரும்ப வேண்டும். ஓடும் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடந்து, சரியான நொடியில் கட்டையைச் செருகி, பின் அது சிக்கிக்கொள்ளாமல் எடுக்க வேண்டும். கை ஒரு விரல்கடை தவறினாலும் உயிருக்கே ஆபத்து. தந்தை செய்வதைப் பார்த்துப் பார்த்து மகன் பழகும் வேலை இது. அவர்களுடைய கைகளை நம்பித்தான் ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிக்கிறோம்.

2022-இல் அழகர் ஆற்றில் இறங்கியபோது நெரிசலில் சிக்கி இருவர் உயிரிழந்ததை மதுரை மறக்கவில்லை. ஆகவே, லட்சக்கணக்கானோர் கூடும் இரவில் தடுப்புக் கம்பிகளுக்குப் பின்னால் விடிய விடிய நின்ற காவலர்கள், 108 ஆம்புலன்ஸ் ஊழியர்கள், மயங்கி விழுந்தவர்களைத் தூக்கிச் சென்ற கல்லூரி மாணவர்கள், காணாமல் போன குழந்தைகளின் பெயரை ஒலிபெருக்கியில் சலிக்காமல் அறிவித்தவர்கள் எல்லாரையும் கைகூப்பி வணங்குகிறோம். நீர்மோர்ப் பந்தல் வைத்தவர்களைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. மதுரையில் அவர்கள் இல்லாத தெரு இல்லை.

2024 அக்டோபர் 25-ஆம் தேதி கொட்டிய மழை வேறு மாதிரியான கூட்டத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. செல்லூர் பகுதியிலும் பந்தல்குடி வாய்க்கால் ஓரத்திலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. முன்பின் அறியாதவர்களை மாடியில் தங்கவைத்துச் சோறு போட்டவர்கள், மோட்டார் வைத்து நீரை இறைத்தவர்கள், கழுத்துவரை சேற்றில் இறங்கி அடைப்பை எடுத்தவர்கள் என்று அந்த இரவில் உதவியவர்கள் ஏராளம். மனிதர் சேற்றில் இறங்க நேர்ந்ததற்கு நன்றி சொல்வது மட்டும் போதாது என்பது என் கருத்து. வாய்க்காலை மழைக்கு முன்பே தூர்வாருவதும், அதில் குப்பை கொட்டாமல் இருப்பதும்தான் அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

தண்ணீரால் வந்த மகிழ்ச்சியும் உண்டு. திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் பல ஆண்டுகள் வறண்டு, சிறுவர்கள் கிரிக்கெட் ஆடும் திடலாகக் கிடந்தது. தைத் தெப்பத்தன்று தெப்பம் நகர வழியின்றி, நிலைத்தெப்பமாகவே விழாவை முடித்த காலம் எங்கள் வயதுக்காரர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். பனையூர்க் கால்வாய் வழியே வைகை நீர் குளத்துக்கு வரத் தொடங்கியபின் தெப்பம் மறுபடி மிதக்கிறது. கால்வாயை மீட்கப் பல்லாண்டு மனு எழுதியவர்கள், நீதிமன்றம் ஏறியவர்கள், மண்ணை அள்ளிய தொழிலாளர்கள் யாவருக்கும் 2025-ஆம் ஆண்டின் தெப்பக் காட்சி உரியது.

அவனியாபுரத்திலும் அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் ஜல்லிக்கட்டுக் காளைகளைப் பரிசோதித்த கால்நடை மருத்துவர்களுக்கும், காயமடைந்த வீரர்களைக் காத்த அரசு இராசாசி மருத்துவமனை மருத்துவர், செவிலியருக்கும், ஆண்டு முழுவதும் ரத்தம் கொடுத்தவர்களுக்கும் நன்றி.

2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் இப்போது மதுரைப் பிள்ளைகளின் இன்னொரு வீடு. குழந்தைகள் பகுதியில் எத்தனை கேள்வி கேட்டாலும் முகம் மாறாமல் நூலை எடுத்துக் கொடுக்கும் பணியாளர்களையும், தமுக்கம் புத்தகக் காட்சிக்கு அரசுப் பள்ளி மாணவர்களை அழைத்துவந்து, உண்டியல் காசுக்கு ஏற்ற புத்தகத்தைப் பொறுமையாகத் தேடித் தந்த ஆசிரியர்களையும் மனமார வாழ்த்துகிறோம்.

ஒன்று விடுபட்டால் மனம் ஆறாது. எங்கள் பகுதி சபைக் கூட்டத்தில், குடிநீரில் சாக்கடை கலப்பதைச் சொல்ல ஒரு மூதாட்டி பாட்டிலில் அந்தத் தண்ணீரையே பிடித்துக்கொண்டு வந்தார். மேசைமேல் வைத்தார், அதிகம் பேசவில்லை. மறுவாரம் குழாய் மாற்றும் வேலை தொடங்கியது. நூறு வார்டுகளிலும் இப்படிக் கேட்பவர்கள் பெருக வேண்டும். அந்த அம்மாவுக்கும், அவர் சொன்னதை எழுதிக்கொண்டு அடுத்த நாளே நேரில் வந்து பார்த்த பொறியாளருக்கும் தெருவே கடன்பட்டிருக்கிறது.

இந்த மடலின் பிரதியை வார்டு அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம். வரும் திங்கட்கிழமை அதிகாலை தூய்மைப் பணியாளர்கள் வருகைப் பதிவுக்குக் கூடும் இடத்தில் அவர்கள் முன் உரக்கப் படிக்கவும் அனுமதி பெற்றுள்ளோம். தெருக்காரர்கள் குடும்பத்தோடு வந்துவிடுங்கள்.

நன்றியுடன்,
மாசி வீதிக் குடியிருப்போர் சார்பில்