பீங்கானை யார் வாங்குகிறார்கள், ஐயா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் பரண் ஒழிப்பது பற்றிய பக்கத்தைப் படித்தேன். “உடைந்த கண்ணாடி, பீங்கான் சாமான்களை மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடுங்கள்” என்று ஒரே வரியில் வேலையை முடித்துவிட்டீர்கள். யாரிடம் கொடுப்பது என்று அடுத்த வரியில் தேடினேன். எலுமிச்சைத் தோலால் குழாயைத் துடைக்கச் சொல்லியிருந்தது.

நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. பழைய இரும்புக்காரர் பித்தளை, அலுமினியம், பேப்பர் எல்லாம் எடுப்பார். முழு பாட்டிலை மனசு வைத்தால் எடுப்பார். உடைந்ததை நீட்டினால், “கோணியும் கிழியும், கையும் கிழியும்மா” என்று வண்டியைக் கிளப்பிவிடுவார். பீங்கான் ஜாடியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவர் செய்வது சரிதான். பாட்டில் உருக்கும் உலையில் 1,500 டிகிரி சூட்டிலும் பீங்கான் உருகாது. சின்னச் சில்லு கலந்தாலும் புதுப் பாட்டிலில் கல்லாக நின்றுவிடும், அந்த இடத்தில் பாட்டில் விரிசல் விடும். அடுப்பில் வைக்கிற கண்ணாடிப் பாத்திரமும் சாதா பாட்டிலோடு சேராது. பத்திரிகை நடத்தும் உங்களுக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும்?

ஊராட்சி வண்டியில் போடலாமே என்பீர்கள். குப்பையை வீட்டிலேயே பிரித்துத் தர வேண்டும் என்று 2016இலேயே விதி வந்தது, தருகிறேன். அப்புறம் அந்த வண்டி எல்லாவற்றையும் ஒன்றாக்கி வாய்க்கால் கரையில் கொட்டுகிறது. பொக்லைன் தூர்வாரும்போது சேறோடு கிளறிவிட்ட சில்லெல்லாம், தண்ணீர் விட்டதும் வயலுக்கு வந்து சேர்கிறது. சேற்றில் செருப்போடு நடவு நட முடியுமா? போன குறுவையில் எங்கள் வயலில் நட்டுக்கொண்டிருந்த அக்காவுக்குப் பாதம் பிளந்து தையல் போட்டார்கள். அந்த நடவுக் கூலி மொத்தமும் போயிற்று.

அந்தப் பருவத்திலும் நீங்கள் முதல் பக்கத்தில் நடவுப் பெண்கள் படம் போட்டீர்கள், வண்ணத்தில். டெல்டா என்றால் உங்களுக்கு மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12உம் அந்தப் படமும்தான். கடைமடைக்கு இன்னும் தண்ணீர் வரவில்லை என்று நான் எழுதிய கடிதத்தில், மேட்டூர் திறந்ததில் மகிழ்ச்சி என்ற முதல் வரியை மட்டும் பிரசுரித்தீர்களே, அதற்கும் நன்றி.

காட்டில் வீசும் மதுபாட்டில் விலங்குகளின் காலைக் கிழிக்கிறது என்று உயர் நீதிமன்றம் தலையிட்டு, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் பத்து ரூபாய் என்ற திட்டம் 2022இல் நீலகிரியில் தொடங்கியது. யானையின் பாதத்துக்கு இரங்கியது நல்லதுதான். பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. ஆக, குடித்துப் போட்ட பாட்டிலுக்கு விலை உண்டு. எங்கள் வீட்டு ஜாம் பாட்டிலுக்கும் ஊறுகாய் ஜாடிக்கும்தான் நாதியில்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை, ஒரு திருத்தம் போடுங்கள். முழு பாட்டிலைக் கழுவித் தனியாகக் கொடுக்கவும். உடைந்ததைப் பழைய பேப்பரில் கனமாகச் சுற்றி (உங்கள் இணைப்பு இதற்கு நன்றாகவே தாங்குகிறது), அட்டைப் பெட்டியில் வைத்து ஒட்டி, மேலே ‘உடைந்த கண்ணாடி’ என்று எழுதி, தூய்மைப் பணியாளரிடம் வாயாலும் சொல்லிக் கொடுக்கவும். டியூப் லைட்டை இதோடு சேர்க்கக் கூடாது, உள்ளே பாதரசம். பீங்கானை நொறுக்கித் தந்தால், தரை போடும்போது அடியில் நிரப்பக் கொத்தனார்கள் வாங்கிக்கொள்வார்கள். எங்கள் ஊரில் அப்படித்தான்.

இந்தப் பத்தியையாவது வெட்டாமல் போடவும்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி,
நீடாமங்கலம் வட்டம்.