நம் வீட்டுப் புத்தகங்களைப் பற்றி

செம்பூர், மும்பை

அன்பு மகள் மீனாவுக்கு,

அம்மாவின் ஆசிகள். நம் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போவதால் தீபாவளிக்குள் வாடகை வீட்டுக்கு மாற வேண்டியிருக்கிறது. அந்தச் சிறிய வீட்டில் இத்தனை அலமாரிகளை எங்கே வைப்பது, புத்தகங்களை எல்லாம் யாருக்காவது கொடுத்துவிட்டு நான் அனுப்பிய கிண்டில் என்ற மின்நூல் கருவியிலேயே படிக்கலாமே என்று நீ தொலைபேசியில் கேட்டாய். நன்றாக யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி என்பதால் எழுதுகிறேன்.

அந்தக் கருவி வந்த பிறகுதான் நான் இரவில் மறுபடியும் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். கண்புரை அறுவைக்குப் பின் பொடி எழுத்துப் பதிப்புகள் எனக்குக் கைவிட்டுப்போயின. இதில் எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ள முடிகிறது, தடித்த நாவலையும் ஒரு கையில் பிடித்துப் படிக்க முடிகிறது. கைபேசித் திரையைப் போல இது கண்ணைக் கூசச் செய்வதில்லை. மிக நுண்ணிய உறைகளுக்குள் இருக்கும் கருப்பு வெள்ளைத் துகள்கள் மின்னூட்டத்துக்கு ஏற்ப மேலும் கீழும் நகர்ந்து எழுத்தாக நிற்பதாலும், பக்கம் மாறும்போது மட்டுமே அதற்கு மின்சாரம் தேவைப்படுவதாலும், ஒருமுறை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் ஓடுகிறது.

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம்மைப் போன்றவர்களுக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. நீ சிறுமியாக இருந்தபோது ஒரு தமிழ்ப் புத்தகம் வேண்டுமென்றால் மாட்டுங்காவுக்குப் போய்த் தேட வேண்டும், இல்லையென்றால் ஊரிலிருந்து வருபவர்களிடம் சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டும். 2007-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த கிண்டிலில் தமிழ் நூல்கள் கிடைக்க 2016-ஆம் ஆண்டின் இறுதி வரை ஆயிற்று என்றாலும், இன்று புதிய நூல் ஒன்று சென்னையில் இருப்பவருக்குக் கிடைக்கும் அதே நொடியில் எனக்கும் கிடைக்கிறது.

மும்பை மழைக்கும் மின்நூல் அஞ்ச வேண்டியதில்லை. ஆடி, ஆவணியில் அலமாரியைத் திறந்தால் எழும் பூஞ்சை வாடை உனக்கு நினைவிருக்கும். அந்துருண்டையும் வசம்பும் வைத்தும் ராமபாணப் பூச்சி முதுகுப் பசையைத் தின்றுவிடுகிறது. 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது, இந்த நகரில் தரைத்தள வீடுகளில் இருந்த எத்தனையோ புத்தகங்கள் கூழாகிப்போயின.

இவ்வளவு சொல்லியும், எல்லாவற்றையும் கொடுத்துவிடு என்பதற்கு என்னால் இசைய முடியவில்லை. நம்மிடம் இருக்கும் பழைய உரைநூல்களும் ஊர் வரலாறுகளும் மின்நூலாக வரவில்லை. வந்தவற்றிலும் பல, பக்கங்களைப் படம் பிடித்துச் சேர்த்த பிடிஎஃப் கோப்புகள். ஆறு அங்குலத் திரையில் அந்தப் பக்கம் முழுதாகத் தெரிந்தால் எழுத்து எறும்பளவு இருக்கிறது. பெரிதாக்கினாலோ, ஒரு வரியை முடிக்கப் பக்கத்தை வலப்புறம் தள்ளி, அடுத்த வரிக்கு மீண்டும் இடப்புறம் இழுக்க வேண்டியிருக்கிறது. ஒரு செய்யுளையும் அதன் உரையையும் சேர்த்துப் படிக்க இது உதவாது.

என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது வேறொன்று. கருவியில் பணம் கொடுத்து நாம் வாங்குவது புத்தகத்தை அன்று, அதைப் படிப்பதற்கான அனுமதியை மட்டுமே. 2009 ஜூலையில், உரிமை இல்லாத ஒரு நிறுவனம் விற்ற பதிப்புகள் என்று தெரியவந்ததும், ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்து அமேசான் தானாகவே அழித்தது. பணத்தைத் திருப்பித் தந்தார்கள், அமேசான் தலைவர் மன்னிப்பும் கேட்டார். ஆனால் பாடத்துக்காகப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர் எழுதி வைத்திருந்த குறிப்புகள் பயனற்றுப்போயின. 2019-இல் மைக்ரோசாப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது அங்கே வாங்கிய நூல்கள் எல்லாமே வாசகர்களின் கையைவிட்டுப் போயின. வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ள அமேசான் தந்திருந்த வழியும் 2025 பிப்ரவரியில் அடைபட்டது. இவற்றைப் படிக்கையில், என் கணக்கில் சேர்ந்திருக்கும் நாவல்களை எனக்குப் பிறகு நீ எப்படிப் பெறுவாய் என்ற கேள்விதான் எழுகிறது. அச்சுப் புத்தகமாக இருந்தால் நான் உனக்குத் தருவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

உன் தாத்தாவின் திருக்குறள் உரையை எடுத்துப் பார்த்தேன். பின்னட்டையின் உட்புறத்தில் 'மதுரை புது மண்டபம், ஒன்றரை ரூபாய்' என்று எழுதியிருக்கிறார். உரையாசிரியரோடு உடன்படாத இடங்களில் ஊதா நிறக் காப்பியிங் பென்சிலால் ஓரத்தில் தம் கருத்தைக் குறித்திருக்கிறார், சில இடங்களில் தாம் எழுதியதையே பிறகு அடித்தும் திருத்தியிருக்கிறார். அவர் எப்படிப் படித்தார், எங்கே மனம் மாறினார் என்பது அந்த ஓரங்களில்தான் இருக்கிறது.

அதே சமயம், தாள் என்பதாலேயே ஒன்று பத்திரமாக இருந்துவிடாது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன; அவற்றில் வேறெங்கும் பிரதியே இல்லாத சுவடிகளும் இருந்தன. நூலகம் என்ற அமைப்பு 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்து யாரும் இலவசமாகப் படிக்கத் தருவதும், 1998 பொங்கல் முதல் மதுரைத் திட்டத் தன்னார்வலர்கள் நம் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து தருவதும் எவ்வளவு பெரிய தொண்டு என்பது அப்போதுதான் விளங்குகிறது. அந்தக் கோப்புகளுக்குப் பூட்டு இல்லை; நீயும் நானும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளலாம். ஆகவே தாளா திரையா என்று பார்ப்பதைவிட, வைத்துக்கொள்ளவும் பிறருக்குக் கொடுக்கவும் நமக்கு உரிமை இருக்கிறதா என்று பார்ப்பதே எனக்குச் சரியாகத் தோன்றுகிறது.

பேத்தி நிலாவுக்கு மட்டும் இப்போதைக்கு அச்சுப் புத்தகமே போதும் என்பேன். சிறு குழந்தைகளோடு பெற்றோர் படிப்பதைக் கவனித்து 2019-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, மின்நூலைவிட அச்சு நூலோடு இருக்கும்போது இருவரும் அதிகம் பேசிக்கொள்கிறார்கள் என்று கண்டது. வீட்டுக்கு வெளியே தமிழே காதில் விழாத நாட்டில் வளரும் குழந்தைக்கு அந்தப் பேச்சு எவ்வளவு அவசியம் என்பதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

என் முடிவு இது. எளிதில் மறுபதிப்பாகக் கிடைக்கும் நாவல்களையும் பழைய வார இதழ்த் தொகுப்புகளையும் வாங்கிக்கொள்வார்களா என்று சயான் தமிழ்ச் சங்கத்தில் கேட்கிறேன். இனி புதிய நாவல்களை நீ அனுப்பிய கருவியிலேயே படிப்பேன். மறுபதிப்பு வராதவற்றையும், தாத்தா எழுதிய ஓரங்கள் உள்ளவற்றையும், உன் சிறுவயதுப் படப் புத்தகங்களையும் என்னோடு எடுத்துச் செல்வேன். ஒற்றை அலமாரியில் அடங்கிவிடும். அவற்றில் அரியவற்றை மட்டும் நீ டிசம்பரில் வரும்போது உட்கார்ந்து படம் பிடித்துக் கொடுத்தால், ஒரு பிரதி உன்னிடமும் இருக்கும். கொடுக்கப்போகும் நூல்களின் பட்டியலைத் தனியே அனுப்புகிறேன். உனக்கு வேண்டியவற்றை இம்மாத இறுதிக்குள் குறித்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா