ஏற்றுமதியை வளர்த்தது சலுகையா, ஆர்டரா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஆகஸ்ட் 27 அன்று அமலுக்கு வந்த அமெரிக்காவின் 50 சதவீத வரியை ஒட்டித் திருப்பூர் பனியன் தொழில் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அரசின் சலுகைகளே நிறுவனங்களை ஏற்றுமதிக்கு இழுத்து வந்தன, ஆகவே சலுகையைக் கூட்டினால் ஏற்றுமதியும் கூடிவிடும் என்று கட்டுரையாளர் முடிக்கிறார். திருப்பூர் கம்பெனிகளின் கணக்குகளை நெடுங்காலமாகப் பார்த்து வருபவன் என்ற முறையில், இந்த முடிவை என்னால் ஏற்க இயலவில்லை.

உள்ளாடைப் பனியனுக்கு மட்டுமே பெயர் பெற்றிருந்த இந்த ஊருக்கு, 1978இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் வெள்ளை டி-ஷர்ட் தேடி, பம்பாய் ஏற்றுமதியாளர்கள் வழியாக வந்தார். 1981இல் ஐரோப்பாவின் சி அண்ட் ஏ என்ற ஆடை விற்பனை நிறுவனம் வந்தது. பம்பாய்க்காரர்களுக்குத் தைத்துக் கொடுத்து வந்தவர்கள், இடையில் நிற்பவருக்குப் போகும் லாபம் எவ்வளவு என்பதைக் கண்டுகொண்ட பிறகே நேரடியாகப் பையர்களை, அதாவது வெளிநாட்டுக் கொள்முதலாளர்களை, தேடத் தொடங்கினார்கள். அடுத்த தெருக்காரர் செய்வதைப் பார்த்து, உறவினரிடம் கேட்டறிந்து, பலரும் துணிந்து இறங்கினார்கள். 1985 வாக்கில் சுமார் 15 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி இன்று ஏறத்தாழ 40,000 கோடி ரூபாயாக வளர்ந்திருப்பதன் தொடக்கம் இதுதான்.

கட்டுரையாளர் தொடாமல் விட்டது பணம் புரளும் விதம். உள்நாட்டு வியாபாரத்தில், விற்குமா விற்காதா என்று தெரியாமலே சரக்கைத் தைத்து இருப்பு வைக்க வேண்டும். அதை வடமாநில மொத்த வியாபாரிக்குக் கடனில் அனுப்பினால், பணம் மூன்று நான்கு மாதங்கள் கழித்து, அதுவும் துண்டு துண்டாகத்தான் வந்து சேரும். தீபாவளி முடிந்ததும் விற்காத பெட்டிகள் திரும்பி வருவதும் உண்டு. ஏற்றுமதியில் ஆர்டர்தான் முதலில் வருகிறது. எந்த ஸ்டைல், துணி எத்தனை ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை), எந்த நிறத்தில் எந்த அளவு எத்தனை பீஸ், எந்தத் தேதிக்குள் கப்பலேற வேண்டும் என்பதெல்லாம் நூல் வாங்குவதற்கு முன்பே தாளில் எழுதப்பட்டுவிடும். அந்த ஆர்டரையும் எல்.சி.யையும் (பணம் தருவதாகப் பையரின் வங்கி தரும் உறுதிக் கடிதம்) காட்டி வங்கியில் பேக்கிங் கிரெடிட் (கப்பலேறும் முன் சரக்கைத் தயாரிக்கத் தரும் கடன்) வாங்கினால், கைப்பணம் குறைவாக உள்ளவரும் நூலுக்கும் சாயத்துக்கும் கூலிக்கும் பணம் புரட்டிவிட முடியும். தேதி தவறினால் விமானத்தில் அனுப்பும் செலவு கம்பெனியின் தலையில் விழும் என்பதும், துணியின் நிறச்சாயல் (ஷேட்) சற்று மாறினாலும் பையர் விலையைக் குறைப்பார் என்பதும் உண்மையே. ஆனால் அவை முன்கூட்டியே தெரிந்த ஆபத்துகள். சிறு முதலாளி அவற்றுக்குத் தயாராக முடியும். பல பையர்கள் இப்போது எல்.சி. தராமல், சரக்கு போய்ச் சேர்ந்து 60, 90 நாள் கழித்துப் பணம் தருவதாகச் சொல்வது எனக்குப் பெரும் கவலை தருகிறது. ஏற்றுமதியின் ஆகப்பெரிய ஈர்ப்பையே அது அரித்துவிடும்.

சலுகைகள் பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. டிராபேக் தொகை (மூலப்பொருள்கள் மீது கட்டிய வரியை ஏற்றுமதியாளருக்கு அரசு திருப்பித் தருவது) இல்லாமல் விலை கட்டுப்படியாகாத ஆர்டர்கள் பல உண்டு. 1991 ஜூலையில் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டதும் கைகொடுத்தது. ஆனால் ஏற்றுமதி லாபத்துக்கு 80 எச்.எச்.சி. பிரிவின்கீழ் கிடைத்து வந்த வருமான வரி விலக்கு படிப்படியாகக் குறைந்து, 2005-06 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து முற்றிலும் நின்றுபோனது. ஏறக்குறைய அதே வேளையில், 2005 ஜனவரி 1 அன்று, உலக ஜவுளி வணிகத்தில், ஒரு நாடு எவ்வளவு சரக்கு அனுப்பலாம் என்று உச்சவரம்பு வைத்த கோட்டா முறை ஒழிந்தது. சலுகை போன அந்த ஆண்டுகளில் திருப்பூரின் ஏற்றுமதி சுருங்கவில்லை, வேகமாக வளர்ந்தது. சந்தையின் கதவு திறந்தது, ஆர்டர்கள் வந்தன. 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும், துணியை வெளியூர்களுக்கு அனுப்பிச் சாயமேற்றி, கூடுதல் செலவைத் தாங்கிக்கொண்டு கம்பெனிகள் ஷிப்மென்ட்டைத் தொடர்ந்ததற்குக் காரணம், ஒருமுறை வேறிடம் போன பையரைத் திரும்ப அழைத்து வருவது எவ்வளவு கடினம் என்பதை அவை அறிந்திருந்ததுதான்.

எனவே, அமெரிக்க ஆர்டரை இழந்து நிற்கும் சிறு கம்பெனிக்கு இப்போது தேவைப்படுவது வேறொரு பையர். 2025 ஜூலையில் பிரிட்டனுடன் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தம் ஒரு வழியைத் திறக்கிறது. ஐரோப்பாவில் வங்கதேசத்தின் ஆடைகள் வரியின்றி நுழைய, நம் ஆடைகள் வரி கட்டி நுழைவதால் அங்கே விலையில் போட்டியிடுவது கடினம். இவ்விரு சந்தைகளிலும் புதிய பையர் முதலில் கேட்பது தொழிற்சாலைத் தணிக்கை அறிக்கை, கோட்ஸ் (இயற்கை வேளாண் இழைத் துணிக்கானது), ஓகோடெக்ஸ் (தீங்கான ரசாயனம் இல்லை என்பதற்கானது) போன்ற சான்றிதழ்கள், பிறகு சாம்பிள் மேல் சாம்பிள். இவை அனைத்தும் ஆர்டர் கிடைக்கும் முன்பே ஆகும் செலவுகள் என்பதால், இவற்றுக்கு எந்த வங்கியும் பேக்கிங் கிரெடிட் தருவதில்லை. பெரிய கம்பெனிகள் சமாளித்துக்கொள்ளும். இருபது முப்பது தையல் இயந்திரங்களுடன் நடக்கும் கம்பெனி இங்கேதான் நின்றுவிடுகிறது. அரசு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியையாவது இந்தச் செலவுகளுக்கு நேரடியாக ஈடுகட்ட வேண்டும் என்று தங்கள் இதழ் வலியுறுத்த வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பனியன் தொழில் கணக்காளர் ஒருவர்,
திருப்பூர்.