ஏழாம் கட்டில் குழந்தைக்காக, இரவுப் பணி சிஸ்டருக்கு

அன்புள்ள சிஸ்டர்,

சர்க்கரை நோயுள்ள அம்மாவுக்குப் பிறந்த குழந்தைக்கு நேற்றிரவு ரத்தச் சர்க்கரை இறங்கியது வார்டுக்கே தெரியும், திரும்ப எழுதவில்லை. ஏழாம் கட்டில் குழந்தை அம்மா மார்பிலேயே தூங்குகிறது. கடைசி மூன்று சர்க்கரை அளவுகளும் 50 மி.கி.-க்கு மேல். எங்களுக்கு இப்போதுதான் மூச்சு வருகிறது.

நன்றி அந்த ஐந்து நிமிடத்துக்கு. ஆளாளுக்கு அவசரப்படுத்தியபோது நீங்கள் ஊசியை எடுக்காமல், சில்லிட்டிருந்த குதிகாலை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு நின்றீர்கள். பார்த்தவர்களுக்குக் கொஞ்சுவதுபோல்தான் தெரிந்திருக்கும். குளிர்ந்த காலில் ரத்தம் எளிதில் வராது; பிதுக்கினால் திசு நீரும் கலந்து அளவைக் கெடுக்கும். ஸ்பிரிட் தானாகக் காயவும் விட்டீர்கள். அந்த ஈரமும் எண்ணை மாற்றிவிடும். நடுக் குதிகாலில் எலும்பு அருகிலிருப்பதால் பக்கவாட்டு ஓரத்தில் குத்தி, முதல் சொட்டை உலர்ந்த பஞ்சில் துடைத்து, அடுத்த சொட்டைத்தான் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்பில் தொட்டீர்கள். 36.

பெரியவர்களுக்கு 160-ஆ 170-ஆ என்பது பொருட்டில்லை. இங்கே 36-க்கும் 22-க்கும் நடுவில்தான் பாலாடையில் பால் ஊட்டுவதா, நரம்பில் குளூக்கோஸ் டிரிப் ஏற்றுவதா என்பதே இருக்கிறது. குறைந்த அளவுகளில் குளூக்கோமீட்டரே தடுமாறும். குத்துகிற கையும் தடுமாறினால் எதை நம்புவது? அம்மாவின் சர்க்கரைக்குப் பழகிய குழந்தையின் கணையம், தொப்புள்கொடியை வெட்டிய பிறகும் இன்சுலினைக் கொட்டிக்கொண்டிருக்கும். வரவு நின்றாலும் செலவு நிற்காது. அந்த நேரத்தில் தப்பான எண், குழந்தையைத் தேவையில்லாமல் அம்மாவிடமிருந்து பிரிக்கும். இல்லாவிட்டால் ஆபத்தை மறைக்கும்.

சீம்பாலைக் கையால் பீய்ச்சப் பழக்கிப் பாலாடையில் சொட்டுச் சொட்டாகச் சேர்த்த ஆயாம்மா, ஊட்டி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் மறு அளவுக்கு நினைவூட்டியவர், வழியிலேயே ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுவிடாதபடி சாம்பல் நிற மூடி போட்ட ரத்த மாதிரிக் குழாயை ஐஸில் வைத்து லேபுக்கு ஓடிய தம்பி, 3.8 கிலோ எடைக்கு, கிலோவுக்கு 2 மில்லி வீதம் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) 7.6 மில்லி என்று கணக்கிட்டுத் தயாராக வைத்தவர் (நல்லவேளை, தேவைப்படவில்லை), எல்லோருக்கும் நன்றி.

இனி குதிகால் சூட்டைத் தொட்டுப் பார்க்காமல் எடுத்த அளவை ரவுண்ட்ஸில் ஏற்க மாட்டோம். வலிப்போ மூச்சுத் திணறலோ இருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம்; உடனே குத்திப் பார்த்து, சர்க்கரை குறைந்திருந்தால் டிரிப்பை ஏற்றிவிடுங்கள், லேப் முடிவு பிறகு வரட்டும். புதிதாக வந்திருக்கும் பயிற்சி மருத்துவர்களைத் திங்கள் இரவு உங்களிடம் அனுப்புகிறோம். ஊசியைக் கையில் கொடுக்கும் முன் அந்தக் காலைப் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள்.

பச்சிளங்குழந்தைப் பிரிவு மருத்துவர்கள்