சிவாஜியின் கால்களை வெட்டாதீர்கள்

ஆசிரியருக்கு,

சிவாஜி படங்களை டிஜிட்டலில் புதுப்பித்து வெளியிடுவது நல்ல காரியம்தான். 2012-இல் ‘கர்ணன்’ வந்தபோது இளைஞர்களும் திரண்டார்கள். ஆனால் அகலத்திரைக்காகச் செய்யும் வெட்டு வேலையை ஏற்க முடியாது.

தமிழின் முதல் சினிமாஸ்கோப் (மிக அகலமான திரைக்கான) படம் ‘ராஜராஜ சோழன்’ (1973). அதற்கு முந்தைய படங்களின் சட்டகம் கிட்டத்தட்ட சதுரம்; அகலம் 1.37 என்றால் உயரம் 1. அதை இன்றைய டிவியின் 16:9-க்கு நிரப்பினால் மேலும் கீழுமாகக் கால் பங்கு படம் போய்விடும். சினிமாஸ்கோப் திரைக்கு நிரப்பினால் பத்தில் நான்கு பங்கு காலி! வெட்டாமல் இழுத்தால் முகம் உப்பி விடுகிறது, அது இன்னும் கொடுமை.

மற்ற நடிகர்களுக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை என்றுகூடச் சொல்லலாம். சிவாஜி உள்ளங்கால்வரை நடித்தவர். ‘திருவிளையாடல்’ (1965) மீனவர் நடையில் பாதத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன?

ஒலியிலும் இதே கதை. இரைச்சலை நீக்குகிறேன் என்று வடிகட்டியை அளவுக்கு மீறி ஏற்றினால், வசனத்துக்கு நடுவே அவர் இழுக்கும் மூச்சும் சேர்ந்து போய்விடும். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) ஜாக்சன் துரை காட்சியின் வேகமே அந்த மூச்சில்தான் இருக்கிறது. லேசான கரகரப்பு இருந்துவிட்டுப் போகட்டும். குரலை நடு ஸ்பீக்கரிலேயே வையுங்கள். புதிதாக வாள் சத்தம், இடிச் சத்தம் சேர்த்து அதை அமுக்க வேண்டாம்.

இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டு முழுச் சட்டகத்தையும் காட்டுங்கள். ரசிகர்கள் சண்டைக்கு வர மாட்டார்கள்.

- ஒரு வாசகர், திருச்சி