ராத்திரியில் கடிக்கும் பல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

செங்கோட்டையில் மூன்று நாளாகச் சாரல். நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. கடைவாய்ப் பல் தேய்ந்திருக்கிறது, தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாய் என்று கொல்லத்து டாக்டர் சொன்னாராம். நீயோ, "அப்பா மாதிரி பாக்கை உடைக்கிற பல்லா எனக்கு? என் கடியில் என்னம்மா பலம் இருக்கும்?" என்று சிரித்துவிட்டாய்.

நீ சொன்னது பாதி சரி. கன்னத்தில் கை வைத்துப் பல்லைக் கடித்துப் பார், ஒரு தசை புடைத்து எழும். ஆண்களுக்கு அது பெரும்பாலும் பெரிதாக இருக்கும். கருவி வைத்து அளந்தால் சராசரியில் அவர்கள் கடிதான் கூடுதல்.

ஆனால் அது விழித்திருக்கும்போது எடுத்த அளவு. வலிக்குமே என்று அப்போது நாம் அடக்கித்தான் கடிப்போம். ஜப்பானில் தூங்குகிறவர்களின் வாயில் கருவி வைத்து அளந்தார்கள், 2001-ல் வெளிவந்த ஆய்வு அது. ஒவ்வொரு கடியும் சராசரியாக 7 நொடி நீடித்தது. ஒருவர் 81 கிலோ வரை அழுத்தினார். சராசரியாகப் பகல் பலத்தில் பாதியளவுதான் வந்தது, ஆனால் பகலைவிட இரவில் அதிகம் அழுத்தியவரும் இருந்தார். 1986-ல் ப்ளோரிடாவில் 442 கிலோ கடித்துச் சாதனை படைத்தவரும் பல்லைக் கடிக்கும் பழக்கம் உள்ளவர்தான். அதற்காகப் பல்லைக் கடிக்கிற எல்லோருக்கும் கடி பலமாகிவிடாது. தூக்கத்தில் பல்லைக் கடிப்பது ஆண், பெண் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வருகிறது. பெண் என்பதால் உன் பல் தப்பிக்காது, பாப்பா.

உனக்கு ஆறு வயதில் நறநறவென்று சத்தம் கேட்கும். வயிற்றில் பூச்சி என்றாள் ஆச்சி. பள்ளியில் சயின்ஸ் சொல்லிக்கொடுத்த நானும் அதை நம்பி இரண்டு முறை பூச்சி மருந்து கொடுத்தேன். பல் டாக்டரிடம் கூட்டிப் போகத் தோன்றவில்லை. அது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

அப்பாவும் அப்படித்தான். ராத்திரி சத்தம் கேட்டால் தோளைத் தட்டித் திரும்பிப் படுக்கச் சொல்வேன். அத்தனை வருஷம் பாக்கு கடித்தும் உடையாத பல், ஒரு நாள் காலையில் இட்லி சாப்பிடும்போது இரண்டாகப் பிளந்தது. இரவெல்லாம் கடித்துக் கடித்து விரிசல் விட்டிருக்கிறது என்றார் டாக்டர்.

தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்கிற உறை, அளவெடுத்துச் செய்து தருகிற நைட் கார்டை (night guard) வாங்கிக்கொள். அது கடிப்பதை நிறுத்திவிடாது, பல்லுக்குப் பதிலாக அது தேயும். அப்புறம், ராத்திரி பத்து மணிக்குக் கட்டன் சாயா, அந்தப் பால் விடாத டீ, வேண்டாம்.

வெள்ளிக்கிழமை ரயிலில் வரும்போது நைட் கார்டையும் எடுத்து வா. உன் பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன், சத்தம் வருகிறதா என்று கேட்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா