வேஷம் போட்டா என்ன தப்பு?

ஆசிரியருக்கு வணக்கம் சார்,

காமிக்ஸ் கேரக்டர் மாதிரி வேஷம் போட்டு, பெங்களூரு ஒயிட்ஃபீல்ட் பக்கம் நடக்குற காமிக்ஸ் ரசிகர் விழாவுல கூடுற பசங்கள பத்தி எங்க அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் க்ரூப்ல ஒரே கிண்டல், வேலை வெட்டி இல்லாதவங்களாம். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு காளி, குரங்கு, போலீஸ்னு வேஷம் கட்டுறத பார்த்து வளர்ந்த நம்மாளுங்களே இப்படி பேசலாமா? அது நேர்த்திக்கடன், இது ஜாலி, அந்த வித்தியாசம் எனக்கும் தெரியும்.

அங்க வேஷம் போட்டு போறவங்கள்ல எங்க அக்கா பொண்ணும் ஒருத்தி, ஐடில டெஸ்டிங் வேலை. ராத்திரி வந்து ஃபோம் ஷீட்ட கட்டர்ல வெட்டி, ஹீட் கன்ல சூடு காட்டி தோளுக்கு ஏத்த மாதிரி வளைச்சு, க்ளூ கன்ல ஒட்டி, மேல வெள்ளி பெயிண்ட் அடிச்சு கவசம் பண்ணுவா பாருங்க, தட்டிப் பார்த்தாதான் இரும்பு இல்லைனு தெரியும். விழாவுல முன்னப்பின்ன தெரியாதவங்க ஓடிவந்து கேரக்டர் பேர சொல்லி கூப்பிட்டு போட்டோ எடுத்துக்கிறாங்க, ஆபீஸ்ல பக்கத்து சீட்காரனுக்கே இவ பேர் தெரியாது.

இது நேத்து முளைச்சதும் இல்ல. 1939லயே நியூயார்க்ல நடந்த அறிவியல் கதை ரசிகர் மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் ஆக்கர்மேன், மிர்ட்டில் டக்ளஸ்னு ரெண்டு ரசிகர்கள் எதிர்காலத்து ஆளுங்க மாதிரி டிரஸ்ல போனாங்க, தைச்சது மிர்ட்டில்தான். நம்ம பக்கம் 1972ல முத்து காமிக்ஸ்ல இரும்புக்கை மாயாவிங்கிற படக்கதை வந்தப்போ பாடபுத்தகத்துக்குள்ள வெச்சு படிச்சவங்க இன்னைக்கும் பழைய இதழ தேடி அலையுறாங்களே, அதே ஆசைதான் இதுவும்.

போய் பாருங்க, ஆனா கேக்காம போட்டோ எடுக்காதீங்க, இறக்கைய தொட்டு இழுக்காதீங்க, ஃபோம் பிஞ்சுடும்.

இப்படிக்கு,
ஒரு சித்தி, அல்சூர், பெங்களூரு